சாயங்கால மாத்திரை

அண்ணனின் வலது கால் ஷூவுக்குள் போக மறுத்தது.

சின்னவர் மண்டியிட்டு உட்கார்ந்து இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். இடது கால் எப்படியோ போய்விட்டது. வலது கால் வீங்கி, உப்பி, கட்டை விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து, விழுந்த குழி அப்படியே நின்றது. இதயம் களைத்துப்போனால் காலில் நீர் இறங்கும். எந்தக் கட்டத்தில் இறங்கும், எந்த மருந்துக்கு வடியும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் தலைமை வகிக்கும் மருந்துக் கம்பெனி அந்தக் குழியை நம்பித்தான் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது.

"லேஸை முழுசா உருவிடுங்க சின்ன மாப்ளே," என்றார் அண்ணியின் அண்ணன். லாண்டரி வைத்திருப்பவர். அண்ணனுக்குப் போட்ட சட்டையை விடிந்ததும் அவரே தேய்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "ஷூ நாக்கை வெளிய இழுத்து விட்டுட்டு அமுக்குங்க. உசுரோட இருக்கறப்பவே அந்தக் கால் யார் பேச்சையும் கேட்டதில்ல."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். சாவு வீட்டில் அப்படிச் சிரிக்கலாம். ஏனென்றால் அது உண்மை.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சொல்லித் தரும் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், பஸ்ஸாகவே இருந்தாலும், வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வரும். அதனால் ஊருக்கே அவர் 'பிரேக் மாஸ்டர்'. இன்று விடியற்காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் போர்வைக்குள் அந்தக் கால் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும் வரைக்கும்.

லேஸை உருவிய பிறகு ஷூ போய்விட்டது. சின்னவர் எழுந்தார். முழங்கால் இரண்டிலும் தூசி. தட்டிவிட மறந்துபோய் அப்படியே வாசலுக்கு வந்தார்.

அங்கேதான் அவருக்கு மூச்சு முட்டியது.

"உங்க மாத்திரைதாங்க அவரை இவ்வளவு நாள் வச்சிருந்தது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கையைப் பிடித்துக்கொண்டு. "தம்பின்னா இப்படி இருக்கணும்."

"மாஸ்டர் வகுப்புல சொல்லுவாரு சார்," என்றாள் அண்ணனிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு பெண். "'பயப்படாம ஓட்டும்மா, இதயம் நின்னா என் தம்பிகிட்ட மாத்திரை இருக்கு'ன்னு. நான் மூணு தடவை சுவத்துல மோதினேன். மூணு தடவையும் இதையேதான் சொன்னாரு."

சின்னவர் தலையை ஆட்டினார். எல்லோருக்கும் ஒரே தலையாட்டல்.

அவர் தொழிலில் நுழைந்தது அண்ணனின் பழைய டையைக் கட்டிக்கொண்டு, கையில் கனத்த பையோடு. மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர் வீட்டு வாசலில் கடைசி நோயாளியும் போன பிறகுதான் ரெப்பை உள்ளே கூப்பிடுவார்கள். கால் கடுக்க நின்று, ஒரு நிமிஷத்தில் ஒரு மாத்திரையின் பெருமையைச் சொல்லி முடிக்க வேண்டும். அந்த வாசல்களில் அவர் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார். பதில் தெரியாத கேள்வியை டாக்டர் கேட்டால் தெரியாது என்று சொல்லாதே, பொய்யும் சொல்லாதே, சிரி. சிரிப்பு 'ஆமாம்' ஆகாது, 'இல்லை'யும் ஆகாது. கேட்டவர் தனக்குப் பிடித்த பதிலை அதில் எடுத்துக்கொள்வார். நாளைக்கு யாரும் உன் சட்டையைப் பிடிக்க முடியாது.

அந்தச் சிரிப்பு அவரை ஏரியா மானேஜர் ஆக்கியது. ரீஜனல் மானேஜர் ஆக்கியது. கடைசியில், இதயத்துக்கு ஒரு புது மாத்திரை கொண்டுவருவேன் என்ற வாக்கின் பேரில், எம்.டி. நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்தது.

ஆனால் புது மாத்திரையை ஆய்வு செய்ய ஆள் கிடைக்கவில்லை. நோயாளிகள் பயந்தார்கள். ஆய்வு படுத்துவிடும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அதைத்தான் அண்ணனிடம் சொல்லிப் புலம்பினார்.

"இவ்வளவுதானா? நான் வர்றேன்டா," என்றார் அண்ணன். "எனக்குத்தான் மாடிப்படி ஏறினா இஞ்சின் சூடாகுதே. என் ஸ்டூடண்ட்ஸையும் கூட்டியாறேன். என்னோட உக்காந்து ஓட்டினதுலயே பாதிப் பேருக்கு இதய நோய் வந்தாச்சு."

"அண்ணே, இதுல பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு…"

"தெரியும்டா. அதெல்லாம் ஊராருக்கு." அண்ணன் ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். "எனக்கு அசலைத்தானே போடுவ?"

யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். டாக்டருக்கும் தெரியாது. எம்.டி.க்குச் சுத்தமாகத் தெரியாது, தெரியவும் கூடாது. 'அது என் கையில இல்லண்ணே' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அண்ணன் சேராமல் போயிருக்கலாம்.

சின்னவர் சிரித்தார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க."

வாசலில் நின்றிருந்தவரை அண்ணி கூப்பிட்டாள். அழுது முடித்த முகம் இல்லை அது. இன்னும் அழ ஆரம்பிக்காத முகம்.

துணி மடித்து வைக்கும் சின்ன அறை. அண்ணி கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை அவளுக்கு மூச்சு தேவைப்பட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். பாதி காலி. பாதியில் மாத்திரைகள்.

"அண்ணனோடதா? குடுங்க அண்ணி. மிச்சத்தை ஆஸ்பத்திரில திருப்பிக் குடுக்கணும்."

"அவரோடது இல்ல. என்னோடது."

சின்னவருக்குப் புரியவில்லை.

"ஒரு நாளைக்கு ரெண்டுல்ல தம்பி? காலைல அவரு. சாயங்காலம் நான்."

வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு வால்வு சரியில்ல, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? எனக்குக் கத்தின்னாலே பாதி உசுரு போயிரும். உங்க அண்ணன்தான் சொன்னாரு. 'அடி பைத்தியமே, கத்தி எதுக்கு? சின்னவன் நமக்குன்னே எடுத்து வச்ச அசல் சரக்கு இது. ஒண்ணு நான் போடறேன், ஒண்ணு நீ போடு. பாதி தூரம் நான் ஓட்டறேன், பாதி தூரம் நீ ஓட்டு'ன்னாரு. நான் வேணாம்னேன் தம்பி. முதல்ல வேணாம்னுதான் சொன்னேன்."

"ஆஸ்பத்திரில கேக்கலையா?"

"காலி அட்டையை எண்ணுவாங்க. கணக்கு சரியா இருக்கும். யார் வயித்துக்குள்ள போச்சுன்னு எண்ணவா முடியும்?"

அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். சொல்ல வந்தது இன்னும் வரவில்லை என்று சின்னவருக்குத் தெரிந்தது.

"போன மாசம் அவருக்கு ரொம்ப முடியலை. இனிமே ரெண்டையும் நீங்களே போடுங்கன்னேன். 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், நீ போடு'ன்னாரு. நானும் போட்டேன். நேத்து… நேத்து அவரு அங்க மூச்சுக்கு அல்லாடறாரு. நான் மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வர்றேன். மணியைப் பாத்தேன். கை பாட்டுக்கு எடுத்துச்சு. போட்டுட்டுத் தண்ணியும் குடிச்சிட்டுப் போனேன் தம்பி."

"அண்ணி…"

"அவரு மருந்தைத் தின்னுட்டு நான் நிக்கறேன். அவரு கூடத்துல படுத்திருக்காரு." அவள் சின்னவரின் கண்ணை நேராகப் பார்த்தாள். "நீங்க மருந்துக்காரரு. மறைக்காம சொல்லுங்க. ரெண்டையும் அவரே போட்டிருந்தா இருந்திருப்பாருல்ல?"

பதில் தெரியாத கேள்வி. இத்தனை வருஷப் பழக்கத்தில் கன்னத்தின் தசைகள் தாமாகவே இழுபட்டன. சின்னவர் உதட்டைக் கடித்து அதை நிறுத்தினார்.

"ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்துடறேன் அண்ணி. இங்கயே இருங்க."

மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டு ஆய்வு டாக்டரைக் கூப்பிட்டார். ரெப்பாக இருந்த நாளிலிருந்து பழக்கம்.

"எம்.டி. சார், கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு."

"டாக்டர், ஆய்வுல இருக்கறவங்க இறந்துட்டா, அவங்க பேருக்கான ரகசியத்தைத் திறந்து பாப்பீங்கல்ல?"

"பாத்தாச்சு. ரிப்போர்ட் அனுப்பணுமே. ஆனா சார், அதை நீங்க கேக்கவே கூடாது. கேட்டது வெளிய தெரிஞ்சா உங்க நாற்காலியும் போகும், என் லைசன்ஸும் போகும்."

"எம்.டி. கேக்கலை டாக்டர். தம்பி கேக்கறேன்."

காத்திருந்தபோது சின்னவர் வேண்டிக்கொண்டார். எந்த மாத்திரையை உலகத்துக்குக் கொண்டுவர இத்தனை வருஷம் நாயாக அலைந்தாரோ, அது தன் அண்ணன் கைக்கு மட்டும் போயிருக்கக் கூடாது என்று. டம்மியாக இருக்கட்டும். வெறும் மாவாக இருக்கட்டும். அண்ணி தின்றதும் மாவு, அண்ணன் தின்றதும் மாவு, யார் தின்றதாலும் யாரும் சாகவில்லை என்று ஆகட்டும்.

"நிஜ மாத்திரை சார்," என்றார் டாக்டர். "உங்க அண்ணனுக்கு நம்ம மருந்துதான் போயிருக்கு. அதான் எனக்கே புரியலை. மத்தவங்களுக்கு நல்லா வேலை செய்யுது. இவருக்கு ஏன் இப்படி ஆச்சு? மாத்திரையை ஒழுங்காத்தானே சாப்பிட்டாரு?"

சின்னவர் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிமென்ட் சுட்டது.

உண்மையைச் சொன்னால் நாளைக்கே இரண்டு பேர் ஃபைலோடு வந்து அண்ணியின் எதிரே உட்கார்ந்து, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வேளை என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் அடி படப்போவது அவருடைய மாத்திரையின் பெயர். முழு மருந்தும் சாப்பிட்ட ஆள் செத்தார் என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அது பொய்க் கணக்கு. நாளைக்கு அதைப் படித்து மருந்து எழுதப்போகும் டாக்டர்கள் எத்தனை பேரோ.

"சாப்பிட்டாரு," என்றார். "ஒழுங்காத்தான் சாப்பிட்டாரு."

இறங்கி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் கையைப் பிடித்தார். "கொஞ்சம் தண்ணியாவது குடிங்க சார். முகமே சரியில்ல."

அறையில் அண்ணி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் மகள் ஒரு தட்டில் ரொட்டியும் டம்ளரில் பாலுமாக வந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். ஒரு சத்தம் போட்டால் வகுப்பே அடங்கிவிடும். அம்மாவிடம் அந்தச் சத்தம் பலிக்கவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா. நேத்து ராத்திரியிலருந்து பச்சைத் தண்ணி இறங்கலை. 'எனக்கு எதுக்கு, எனக்கு எதுக்கு'ன்னே சொல்லிட்டு இருக்காங்க. ஆபரேஷனும் வேணாமாம். எப்படியாவது போய்ச் சேரட்டுமாம்."

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார் சின்னவர்.

"எதுக்கு? எங்கப்பா விஷயம்னா நானும் கேக்கறேன்."

அவள் போகவில்லை. போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணி," என்றார். குரல் அவருக்கே அன்னியமாகக் கேட்டது. "அது மருந்தே இல்ல."

"எது?"

"நீங்க போட்டது. அண்ணனும் போட்டது. டம்மி. மாவை அடைச்சு மேல கலர் பூசினது. நீங்க தின்னதால அண்ணனுக்கு எதுவும் குறையலை. ரெண்டையும் அவரே போட்டிருந்தாலும் இன்னிக்கு இதே இடத்துலதான் இருந்திருப்பாரு."

அண்ணியின் கை கதவிலிருந்து நழுவியது. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப ஃபோன்ல கேட்டுத்தான் உங்களுக்கே தெரிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

இங்கே 'ஆமாம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தன்னைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டுகிறான் என்று அவள் நினைத்துவிடுவாள். அவள் கண்ணில் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டது. யாரும் தனக்கே கெடுதலாகப் பொய் சொல்ல மாட்டார்கள் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். ரெப்பாக இருந்தவருக்கு அதுவும் தெரியும்.

"இல்ல அண்ணி. ஆரம்பத்துலருந்தே தெரியும்."

"சித்தப்பா!"

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?" அண்ணியின் குரல் உயரவே இல்லை.

"ஆய்வு நின்னு போற மாதிரி இருந்தது. ஆள் வேணும். அண்ணன் வந்தா இன்னும் நாலு பேர் நம்பி வருவாங்கன்னு…"

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை முடிக்க முடியவில்லை.

அண்ணி துணிகள் அடுக்கியிருந்த பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்தவர்களுக்கு வருமே, அப்படி. அதற்குப் பிறகுதான் அழுதாள். வாயை மூடாமல், சின்னப் பிள்ளை மாதிரி.

"'சின்னவன் குடுத்தது, சின்னவன் குடுத்தது'ன்னு கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் போடுவாரு," என்றாள் அழுகைக்கு நடுவே.

மகள் தட்டை அம்மாவின் மடியில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் டீச்சர் வந்துவிட்டிருந்தாள்.

"வெளிய போங்க."

"வால்வு டாக்டரை இந்த வாரமே பாத்துடணும்மா. தள்ளிப் போடாத. நான் ஏற்பாடு…"

"நாங்க பாத்துக்கறோம். உங்க டாக்டரும் வேணாம், உங்க மருந்தும் வேணாம். போங்க."

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கதவு சாத்தப்படுவதற்கு முன், அண்ணி ஒரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைப்பது தெரிந்தது.

வண்டி வந்தது. லாண்டரி மச்சான் கூடத்தில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "தலைமாட்டுல சின்ன மாப்ள, அந்தப் பக்கம் நான். கால்மாட்டுல ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் வாங்க. மாஸ்டருக்குக் கடைசி டிரைவிங், குலுக்காம கொண்டு போகணும்."

சின்னவர் குனிந்தார்.

"மாமா, அங்க வேற ஆளைப் போடுங்க." அண்ணன் மகள் பின்னால் நின்றிருந்தாள். "அவருக்கு முதுகு சரியில்லயாம்."

"முதுகா? இப்பத்தானே மாப்ள குனிஞ்சு ஷூ மாட்டினாரு?"

"சரியில்லயாம் மாமா," என்றாள் அவள், வகுப்பை அடக்கும் குரலில்.

மச்சான் ஒரு கணம் சின்னவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சின்னவர் நின்றிருந்த இடத்தில் அவர் நின்றுகொண்டார். நாலு பேர் தூக்கினார்கள்.

அண்ணி வெளியே வந்தாள். படி இறங்க மகள் கை கொடுத்தாள். சின்னவரைத் தாண்டும்போது அண்ணி நிற்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அங்கே ஒரு தூண் இருந்தால் எப்படித் தாண்டுவார்களோ அப்படித் தாண்டினாள். ஆனால் வண்டியில் ஏறும்போது, "என்னைத் தூக்க வேணாம், நானே ஏறிக்கறேன்," என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

சின்னவரும் வாசல் வரை போனார். மகள் திரும்பி வந்தாள்.

"வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போக முடியாது. யாராவது இருக்கணும்," என்றாள். "நீங்க இருங்க."

சித்தப்பா என்ற சொல் இல்லை. காவலுக்கு வைக்கும் ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் சரி என்று சொல்வதற்குள் போய்விட்டாள்.

வண்டி கிளம்பியது. பின்னாலேயே கார்கள், பைக்குகள். அண்ணனிடம் கற்றுக்கொண்டவர்கள். எல்லோரும் திருப்பத்தில் முறையாகக் கையைக் காட்டி, ஒருவரை ஒருவர் முந்தாமல் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெரு அடங்கிவிட்டது.

சின்னவர் உள்ளே வந்தார். கூடத்தில் கலைந்து கிடந்த நாற்காலிகளைச் சுவரோரமாக ஒதுக்கினார். செல்ஃபோன் இரண்டு முறை அடித்தது. ஆபீஸ். எடுக்கவில்லை. துணி அறையைக் கடக்கும்போது பெட்டியின்மேல் அந்தத் தட்டும் டம்ளரும் இருப்பதைப் பார்த்தார்.

தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. டம்ளரில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து கழுவினார். தட்டை முதலில், பிறகு டம்ளரை. நன்றாகத் தேய்த்து, கவிழ்த்து, தண்ணீர் வடிய விட்டு, மாட்டியிருந்த துணியால் துடைத்தார்.

துடைத்த தட்டோடு திரும்பினார். மூன்று அலமாரிகள் இருந்தன. எதில் வைப்பார்கள் என்று தெரியவில்லை. ஒன்றைத் திறந்தார், மூடினார். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறையின் நடுவில் நின்றார்.